செகண்ட் ஷிப்டு வானம்

நெய்வேலியில் பொறாமைப்பட விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒருத்தன் குவார்ட்டர்ஸில் ஒரு அறை கூடுதலாக இருக்கும். ஒருத்தன் வீட்டுப் பலா அடியிலிருந்து காய்த்துத் தொங்கும், பக்கத்து வீட்டுப் பலா இலையை மட்டும் கொட்டிக்கொண்டு நிற்கும். ஒரே நாளில் வேலைக்கு வந்த இரண்டு பேரில் ஒருத்தன் பெர்மனென்ட் ஆகிவிடுவான், மற்றவன் காண்ட்ராக்டிலேயே கிடப்பான். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எங்கள் பிளாக்கிலேயே உண்டு. இதெல்லாம் மனுஷர் மேல் மனுஷர் படுகிற பொறாமை, புரிந்துகொள்ளலாம். மருதாசலம் போய் வானத்தின் மேல் பொறாமைப்பட்டான். அந்தக் கூத்து நடந்தது எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில்.

மருதாசலத்துக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிக்குத் தெற்கே. சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர். பக்கெட் வீல் என்பது ஒரு ராட்சதச் சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றி, ஆள் இறங்கி உட்கார்ந்துகொள்ளலாம் என்கிற அளவில் இரும்பு வாளிகள். சக்கரம் சுற்றச் சுற்ற வாளிகள் மண்ணை வழித்து பெல்ட்டில் கொட்டும். பெல்ட் அதை எங்கேயோ கொண்டுபோகும். சக்கரத்துக்குப் பின்னால், மாடிக்கு மேல் மாடி வைத்த உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து லீவரைப் பிடிக்கிறவன் ஆபரேட்டர். லீவில் ஊருக்குப் போனால் மாமனாரிடம் அந்த மெஷினைப் பற்றி அவன் அளக்கிறதைக் கேட்க வேண்டும். பூமியை அவன்தான் ஒற்றை ஆளாகப் புரட்டிப் போட்டான் என்றே அந்த மனுஷர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வேலை மூன்று ஷிப்டு. ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு வருவான். அடுத்த வாரம் இரண்டுக்குப் போய் ராத்திரி பத்துக்கு இறங்குவான். அதற்கடுத்த வாரம் நைட். வெளியூர்க்காரர்கள் கிழமை சொல்லிப் பேசுவார்கள். எங்கள் பெண்கள், "இவுக செகண்ட் ஷிப்டுல இருந்தப்பதான் தண்ணிக் குழாய் உடைஞ்சுது" என்று பேசுவார்கள். கல்யாணம், காய்ச்சல், கருப்பட்டி வாங்கினது எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குதான்.

அவன் மனைவி சந்திரா. கல்யாணமாகிக் காத்திருந்து உண்டான குழந்தை எட்டாம் மாசத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். மற்றக் கட்டில்களைப் பார்த்தால் பிள்ளைகள், அதனால் ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் போய்விட்டது. சாயங்காலமானால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அந்த நேரத்தில்தான் பிளாக் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருவில் கூச்சல் போடும். அவளால் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருக்க முடியாது. பின்பக்கம் போய் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வாள்.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் திருநெல்வேலிக்காரி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டாள்.

"எம்மா சந்திரா, எந்நேரமும் இப்படி மேல பாத்துக்கிட்டே இருந்தா என்னத்துக்கு ஆவ? கை சும்மா இருந்தா மனசு கெடந்து ஆடத்தான் செய்யும். இந்தா, எம்மவ பழைய கலர் பெட்டி. பெரிய கிளாஸுக்குப் போயிட்டா, இனிம இதத் தொடமாட்டா. பூவோ கிளியோ என்னத்தையாவது வரஞ்சு தலகாணி உறையில தைச்சுப் போடு."

"எனக்கு வரையத் தெரியாதுங்கக்கா."

"தெரிஞ்சிக்கிட்டா எல்லாரும் பொறக்காக? சும்மா தேச்சுப் பாரு."

பெட்டியைத் திறந்து பார்த்தால், மற்றக் கலரையெல்லாம் அந்தப் பெண் கரைத்துத் தீர்த்திருந்தாள். நீலம் முழுசாக இருந்தது. ஆரஞ்சு பாதி இருந்தது. ஒரு ஓரத்தில் சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு பூவும் வரைய முடியாது, கிளியும் வரைய முடியாது. வானம் வரையலாம்.

முதல் சில தாள்கள் பாழாயின. பிறகு வேலை பிடிபட்டது. தாளை ஈரத்துணியால் ஒற்றிக்கொள்வாள். மேலே நீலத்தைத் தொட்டு விட்டுத் தாளைச் சாய்த்துப் பிடிப்பாள். அது தன் பாட்டுக்கு இறங்கி வரும். கீழேயிருந்து ஆரஞ்சைக் கொடுப்பாள். இரண்டும் நடுவில் வந்து சேருகிற இடத்தில் கை வைக்கவே கூடாது. அவசரப்பட்டுத் தொட்டால் சேறாகிவிடும். சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேகத்துக்கு லெகோ அடுப்புச் சாம்பல். எங்கள் ஊரில் பழுப்பு நிலக்கரியை அழுத்திச் செய்த லெகோக் கட்டிதான் எல்லா வீட்டிலும் எரிந்தது, சாம்பலுக்குக் குறைவில்லை. கடைசியில் அடியில் பின் வரிசை வீட்டு ஓட்டுக் கூரையும் மாமரமும் கறுப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான் படம். அது காய்வதற்குள் அவள் மூச்சு சீராகிவிடும். தெருப் பிள்ளைகளின் சத்தம் காதில் விழும், ஆனால் உள்ளே போய்க் குத்தாது.

அப்படி முதல் படம் நன்றாக வந்த அன்று ராத்திரி அவள் தூங்கினாள். ஷிப்டு முடிந்து வந்த மருதாசலம் கதவைத் தட்டத் தட்ட எழவில்லை. இசக்கியம்மாள் எழுந்து வந்து வேலிக்கு மேலே எட்டி, "தம்பி, கெட்டியாத் தட்டாதீங்க, தூங்கட்டும். பின்னால வந்து குதிச்சுப் போங்க" என்றாள். மருதாசலம் சந்தோஷமாகத்தான் குதித்தான். கெட்டவன் இல்லை அவன்.

சந்தோஷம் கொஞ்ச நாள் இருந்தது. கூட வேலை பார்ப்பவர்களைக் கூட்டி வந்து, பின்னறையில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினான். "எம்பட சம்சாரம் வரஞ்சது" என்று சொல்லிக்கொண்டான். பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

முன்னெல்லாம் அவன் செகண்ட் ஷிப்டு போனால் சந்திரா சாயங்காலத்திலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வந்ததும், "ஏனுங்க இத்தன நேரம்?" என்று முகம் வாடிக் கேட்பாள். மருதாசலம் அதைப் பற்றி மெஷினில் சலித்துக்கொள்வான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் சைக்கிளை மிதித்து வருவான். இப்போது அவள் கேட்பதில்லை. ஒன்று தூங்கியிருப்பாள், இல்லாவிட்டால் தெளிந்த முகத்தோடு, "வந்துட்டீங்களா? சோறு மூடி வெச்சிருக்குதுங்க" என்பாள். அந்தத் தெளிவைக் கொடுத்தது தான் இல்லை என்பது அவனுக்கு எரிந்தது.

அப்புறம் அவன் இன்னொன்றைக் கவனித்தான். அவன் காலை ஷிப்டு போகிற வாரத்தில் கயிற்றில் புதுப் படம் ஏறுவதில்லை. நைட் வாரத்திலும் இல்லை. செகண்ட் ஷிப்டு வாரத்தில் மட்டும் கிளிப் போதாமல் படங்கள் தொங்கின.

ஷிப்டு வேலைக்காரன் மூளை எதையும் ஷிப்டு வைத்துத்தான் கூட்டிக் கழிக்கும். நான் செகண்ட் ஷிப்டு என்றால் ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிந்து சாயங்காலம் சும்மா இருப்பவன் யார்? ஜெயராமன்!

ஜெயராமன் இரண்டு வரிசை தள்ளி இருக்கிற கல்யாணமாகாத பையன். அதே மெஷினில் அவனுக்கு முந்தின ஷிப்டு. மருதாசலம் எந்த ஷிப்டுக்குப் போனாலும் லீவரை அவன் கையில் விட்டுவிட்டு இறங்குவது ஜெயராமன்தான். போதாததற்கு ஆயுத பூஜைக்கு மெஷின் மேல் வேலும் பூவும் எழுதுவதும் அவன்தான், மெல்லிய முடி வைத்த பிரஷ் வைத்திருந்தான். சந்திராவிடமும் இப்போது அதே மாதிரி ஒரு பிரஷ் இருந்தது. கலர் பெட்டியோடு வந்த பிரஷ் அது இல்லை.

"இது ஏது புள்ள?"

"தனகோட்டி குடுத்தாளுங்க."

பாத்திரம் தேய்க்க வருகிற தனகோட்டிக்குப் பிரஷ் எங்கிருந்து வரும் என்று அவன் மனசுக்குள் கேட்டுக்கொண்டான். வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சந்தேகப்படுகிறவனுக்குப் பதில் கிடைத்துவிடுமோ என்று ஒரு பயம் இருக்கும் போல.

மறுநாள் இரண்டு மணிக்கு ஏணியேறிக் கூண்டுக்குள் நுழைந்தான். ஜெயராமன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி எழுந்தான்.

"அண்ணே, எடது பக்கம் ஈரமண்ணு, பாத்து வெட்டுங்க. ஒரு வாளியில பல்லு தேஞ்சிருக்கு, ஃபிட்டர்ட்ட சொல்லிட்டேன்."

"செரி. இப்ப எங்க போறே?"

"வீட்டுக்குத்தான்ணே."

"வீட்டுக்குப் போயி?"

"குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம்."

"பொறவு? சாயங்காலம்?"

"சாயங்காலம் என்ன, சும்மாதான். காத்தாட ஒரு நடை நடப்பேன். ஏண்ணே, ஏதாவது வாங்கியாரணுமா?"

"எந்தப் பக்கம் நடப்பே?"

"கால் போற பக்கம். என்னண்ணே, இத்தன கேள்வி கேக்குறீங்க?"

"வானம் கீனம் பாப்பியா?"

ஜெயராமன் கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தான். "மழை வருமான்னா? வராதுண்ணே, நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அன்று எட்டு மணி நேரமும் மருதாசலம் மண்ணைத்தான் வெட்டினான், ஆனால் கண்ணுக்குள் துவைக்கிற கல்லும் அதன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதும் தெரிந்துகொண்டே இருந்தன. ஷிப்டு முடிகிறபோது முடிவு செய்துவிட்டான்.

இன்சார்ஜிடம் போய் நின்றான். "சார், சம்சாரத்துக்கு ஒடம்பு செரியில்லீங்க. சாயங்காலத்துல தனியா விட முடியறதில்ல. ஒர்க்‌ஷாப்புல ஜெனரல் ஷிப்டு போட்டுக் குடுங்க."

"ஒர்க்‌ஷாப்பா? ஆபரேட்டர் சீட்ட விட்டுட்டு கியர் பாக்ஸ் தொடைக்கப் போறியா?"

"போறனுங்க சார்."

இதைக் கேட்டு பிளாக்கே உருகிவிட்டது. இசக்கியம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "பாத்தியளா, பொண்டாட்டிக்காக மெசினையே விட்டுட்டு வந்துட்டாக. நீங்களும் இருக்கியளே" என்று சத்தம் போட்டாள். சந்திரா மட்டும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"எதுக்குங்க? நான் நல்லாத்தானுங்களே இருந்தேன்?"

நல்லாத்தானே இருந்தேன்! அதுதான் அவனுக்குக் குத்தியது.

ஜெனரல் ஷிப்டு என்றால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பகல் வேலை. அதிலிருந்து ஐந்து மணிக்கு டாணென்று வீட்டில் இருப்பான். வாசலிலேயே, "புள்ள, காப்பி" என்பான். போண்டா, இல்லையென்றால் பஜ்ஜி. அதற்குப் பிறகு அவனோடு மார்க்கெட்டுக்கு நடக்க வேண்டும். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குள்ளஞ்சாவடி சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்தார்கள். கயிற்றில் இருந்த பழைய படங்கள் தூசி படிந்து சுருண்டன. புதுப்படம் ஒன்றும் இல்லை. மருதாசலம் அந்தக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

ஜெயராமன் பக்கம் ஒரு அசைவும் இல்லை என்பதுதான் அவனுக்குக் குறை. ஒரு பெருமூச்சாவது விட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். கடைசியில் ஒருநாள், சந்திரா கடைக்குப் போன நேரம் பார்த்து, பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தனகோட்டியிடம் போய் நின்றான்.

"ஏம்மா தனகோட்டி, நான் செகண்ட் ஷிப்டு போற வாரத்துல சாயங்காலம் இங்க யாரு வருவாங்க?"

"யாரு வருவாங்க? நாந்தான் வருவன்."

"வேற?"

"பாத்திரம் தேய்க்க வேற எந்த மகராசன் வரான்? என்னா ஐயா இப்டி கேக்குறீங்க?"

"இல்ல, அம்மா தனியா இருக்குமேன்னு கேட்டேன்."

"நான் வந்துட்டா தனி ஏது? ஆனா ஒண்ணு, அம்மா பேசாது. அந்தக் கல்லுல குந்திகினு வரைஞ்சிகினு இருக்கும். மொத நாளு, என்னாம்மா எம்மேல கோவமான்னுகூட கேட்டுட்டன். 'இல்ல தனகோட்டி, நீ பாட்டுக்கு இரு, பேசாம இரு'ன்னு சொல்லுச்சு. அப்பறம் எனக்கும் பழகிப்பூடுச்சுங்க. எங்க வூட்டுல பொழுதுக்கும் சத்தம். இங்க வந்தாதான் காதுக்கு ஓய்வு. பாத்திரம் ஆனாலும் எழுந்திரிக்க மனசு வராது. அந்தக் கலரு ஒண்ணோட ஒண்ணு சேர்றத பாத்துகினே குந்தியிருப்பன்."

"அந்தப் பிரஷ்ஷு?"

"அது எங்க வூட்டுக்காரரு குடுத்ததுங்க. காண்ட்ராக்ட்டுல கம்பத்துக்கு நம்பர் எழுதறாரு இல்ல? முடி தேஞ்சிப்போச்சுன்னு தூக்கிப் போட்டாரு. நான் எடுத்தாந்து அம்மாகிட்ட குடுத்தன். ஏங்க, திருப்பிக் கேக்குறாங்களா?"

"இல்ல இல்ல."

ஜெயராமன் அந்த நிமிஷமே மனசை விட்டு இறங்கிப் போய்விட்டான். மருதாசலத்துக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதுதான் இல்லை. பாத்திரம் தேய்க்க வந்தவளுக்குக் கிடைத்த இடம் கட்டின புருஷனுக்குக் கிடைக்கவில்லையே என்று இப்போது தனகோட்டி மேல் பொறாமை வந்துவிட்டது.

மறுநாள் பஜாரில் புதிதாகப் பன்னிரண்டு கலர் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். சமையலறையிலிருந்து முக்காலியைத் தூக்கிவந்து துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டான்.

"வா புள்ள, வரை. நான் பேசாம உக்காந்திருக்கறேன்."

"இப்பவாங்க? காப்பி இன்னும்..."

"காப்பி கெடக்குது. நீ வரை."

சந்திரா தாளை எடுத்தாள். ஈரத்துணியால் ஒற்றினாள். நீலத்தைத் தொட்டு மேலே விட்டாள்.

"நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குதா?"

அவள் தாளைச் சாய்த்தாள்.

"புதுப் பெட்டியில இன்னும் பத்து கலர் இருக்குது, எல்லாத்தையும் எடுத்துக்க. அந்த ஊதாவப் போடு."

"இன்னைக்கு வானத்துல ஊதா இல்லீங்களே."

"இல்லாட்டி என்ன? போட்டா நல்லாருக்கும். அங்க பாரு, வலது பக்கம் ஒரு மேகம் போகுது, அத விட்டுட்டே."

சந்திரா ஆரஞ்சைக் கொடுத்தாள். இரண்டும் சேரப்போகிற நேரம். அவன் மூச்சுக்கூட விடாமல் குனிந்து பார்த்தான். அவன் நிழல் தாள் மேல் விழுந்தது. அவள் வெளிச்சத்துக்காகத் தாளைத் திருப்பப் போக, பிரஷ் நடுவில் பட்டுவிட்டது. நீலமும் ஆரஞ்சும் குழம்பி சேற்றுக் கலராக ஓடின.

"அடடா. இன்னொண்ணு வரை."

"வேண்டாமுங்க."

"நான் இருக்கறதுனாலயா?"

அவள் பிரஷ்ஷைக் கிண்ணத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நெசமாச் சொல்லு புள்ள. இத வரையறப்ப யார நெனச்சுக்குவே?"

"யாரையும் நெனக்கறதில்லீங்க."

"தங்காமப் போச்சே, அந்தக் கொழந்தையையா?"

"அதையும் இல்லீங்க. அந்த நெனப்பு தாங்காமத்தானுங்க இங்க வந்து உக்காந்தேன்."

"உங்கப்பன் வூட்ட?"

"இல்லீங்க."

"என்னைய?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த முக்காலி மேலேயே அவன் குளிர்ந்து போயிருப்பான். சந்திராவுக்குப் பொய் வரவில்லை.

"உங்களையும் இல்லீங்க. நாளெல்லாம் உங்களத்தானுங்க நெனக்கறேன். அத்தன ஒசக்கக் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கறாரே, நேரத்துக்கு உண்டாரான்னு நெனக்கறேன். பெல்ட்டுல யாருக்கோ அடின்னு பேச்சு வந்தா யாருன்னு தெரியற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. அந்த அரை மணி மட்டும் எல்லாத்தையும் எறக்கி வெச்சுப்போட்டு சும்மா உக்காந்துக்குவேன். பொறவு எடுத்துக்குவேன்."

"அப்ப நான் ஒனக்குப் பாரமா?"

"பாரம்னு நான் எங்கீங்க சொன்னேன்? எறக்கி வெச்சாத்தானுங்க மறுக்காத் தூக்க முடியும்."

மருதாசலம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஜெயராமன் என்று அவள் சொல்லியிருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். யாரும் இல்லை என்று சொன்னால் எங்கே போய் மல்லுக்கு நிற்பது? தான் இல்லாமல் அவளுக்கு ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் அவள் நன்றாக இருக்கிறாள் என்பதுதான் தெரிந்த விஷயம். அவனுக்கு அழுகையே வந்தது. முகம் கழுவப் போவது மாதிரி போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் பிரஷ்ஷைத் தொடவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழ ஆரம்பித்தது. ராத்திரி அவன் புரண்டு படுக்கும்போது பார்த்தால் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். "என்ன புள்ள?" என்றால், "ஒண்ணுமில்லீங்க, புழுக்கமா இருக்குது" என்பாள். தை மாசத்தில் என்ன புழுக்கம்!

ஒருநாள் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது போண்டா கருகுகிற வாசனை. தெருவில் பிள்ளைகள் பம்பரம் விட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. சந்திரா ஒரு கையால் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். வேர்த்துக் கொட்டியது. மூச்சு இளைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இருந்த அதே முகம். அவன் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கி வைத்தான்.

"நீ பின்னால போயி உக்காரு புள்ள. போ."

"நீங்க வந்துட்டீங்களே. காப்பி வெக்கோணுமே" என்றாள் அவள்.

அந்த வார்த்தையில்தான் அவன் உடைந்தான். அவன் வந்துவிட்டால் காப்பி வைக்க வேண்டும், பஜ்ஜி போட வேண்டும், கூட நடக்க வேண்டும், பேச்சுக்கு உம் கொட்ட வேண்டும். காலை ஷிப்டு வாரத்திலும் நைட் வாரத்திலும் படம் ஏன் ஏறவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வாரங்களில் எல்லாம் சாயங்காலம் அவன் வீட்டில் இருந்தான். அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் இன்சார்ஜ் முன்னால் மறுபடி நின்றான்.

"என்னய்யா விளையாடுறியா? ஊரே ஜெனரல் ஷிப்டு கேட்டு என் உயிரை எடுக்குது. நீ வாங்கிட்டு வேண்டாங்கிறே?"

"மெஷினுக்கே போயிடறனுங்க சார். அதுலயும் செகண்ட் ஷிப்டாப் போட்டீங்கன்னா நெம்பப் புண்ணியமாப் போகும்."

"ஏன், வீட்டுல சண்டையா?"

"சண்டை வரக் கூடாதுன்னுதானுங்க."

செகண்ட் ஷிப்டை யாரும் விரும்ப மாட்டார்கள். சாயங்காலமும் போய், சினிமாவும் போய், பெண்டாட்டி பிள்ளைகள் விழித்திருக்கிற நேரமும் போய்விடும். மற்ற ஆபரேட்டர்கள் தங்கள் செகண்ட் ஷிப்டையெல்லாம் மருதாசலம் தலையில் சந்தோஷமாகக் கட்டினார்கள். கதவைத் தட்டி அவளை எழுப்ப வேண்டாம் என்று சாவி ஒன்று தனியாக வெட்டி இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

முதல் நாள் கூண்டுக்குள் ஏறியதும் ஜெயராமன் பல்லைக் காட்டினான்.

"வாங்கண்ணே. சாயங்காலம் நான் என்ன பண்ணப்போறேன்னு இன்னைக்குக் கேக்கலையா?"

"என்னவோ பண்ணித் தொலை, போ" என்று சொல்லிவிட்டு மருதாசலம் லீவரைப் பிடித்தான்.

சக்கரம் சுற்றியது. வாளி வழித்தது. பெல்ட் ஓடியது. வெயில் சாய்ந்து கண்ணாடி வழியாக மடியில் விழுந்தபோது அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. இந்நேரம் தாளை ஒற்றியிருப்பாள். தனகோட்டி குந்தியிருப்பாள். சந்திரா என்னை இறக்கி வைத்திருப்பாள். நெஞ்சில் பழைய எரிச்சல் கிளம்பியது. அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று தலையைத் தூக்கினான்.

இத்தனை வருஷமாக அந்தக் கூண்டில் உட்கார்ந்தவன் வெட்டுகிற மண்ணையும் சக்கரத்தையும்தான் பார்த்திருக்கிறான். வானத்தைப் பார்ப்பது ஆபரேட்டருக்கு வேலை இல்லை. இப்போது விரோதியைப் பார்க்கிற மாதிரி வெறித்துப் பார்த்தான். மேலே நீலம். கீழே ஆரஞ்சு. இதுதான் தெரியுமே என்று நினைத்தான். அவள் படங்கள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம், எரிச்சலோடு பார்த்துப் பார்த்து மனப்பாடமானவை. சுரங்கத்தின் அக்கரை விளிம்பில் சூரியன் இறங்கியது, ஆரஞ்சு மஞ்சளாக வெளுத்தது. அப்போது அடியில், மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில், மெல்லியதாக ஒரு பச்சை வந்தது. வாழைக் குருத்தைப் பிரித்தால் உள்ளே இருக்குமே, அந்தப் பச்சை. அது அவள் படம் எதிலும் இல்லை.

வாளி ஆழமாகக் கடித்து மெஷின் குலுங்கியது. கீழேயிருந்து பெல்ட்காரன் போனில் கத்தினான். "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

"இல்லப்பா. கண்ணுல தூசி" என்றான் மருதாசலம். மறுபடி நிமிர்ந்தபோது பச்சை போய்விட்டது. உடம்பு லேசாக இருந்தது. எவ்வளவு நேரமாகச் சந்திராவையே நினைக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சோறு மூடி வைத்திருந்தது. கயிற்றில் ஒரு புதுப் படம். பொறாமை போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் படத்தை அவன் பார்த்த பார்வை அப்படி இல்லை. ஆனால் தட்டில் கரண்டி படாமல் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டான்.

காலையில் சந்திரா காப்பி கொண்டுவந்து வைத்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"நேத்து அடியில ஒரு பச்சை இருந்துச்சே, அத ஏன் போடல?" என்றான்.

"பச்சையா? வானத்துலயாங்க?"

"ஆமா. நீலத்துக்குக் கீழ, மஞ்சளுக்கு மேல. பொழுது எறங்கினதும் வந்துச்சு. சித்த நேரந்தான்."

"இங்க பின் வரிசை ஓடு மறைச்சுப்போடுதுங்களே. மாமரம் வேற. அதுக்குக் கீழ என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

மருதாசலம் கயிற்றைப் பார்த்தான். எல்லாப் படத்திலும் அடியில் அந்தக் கறுப்புக் கோடு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"எனக்கு மறைப்பே கெடையாது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் தெரியும்" என்றான்.

"முழுசாவா?"

"முழுசா."

"செகண்ட் ஷிப்டு போறப்பவெல்லாமா?"

"ஆமா."

"இத்தன வருசமாவா?"

"ஆமா புள்ள. நான்தான் பாக்கல."

சந்திரா தன் டம்ளரைக் கீழே வைத்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் அவள் முகத்தில் அதுவரை கண்டதில்லை. பொறாமை பிடித்த நாளிலிருந்து தன் சவரக் கண்ணாடியில் தினமும் கண்டிருக்கிறான்.

"பச்சைன்னா எந்தப் பச்சைங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இரு, சொல்றேன்" என்று மருதாசலம் காப்பியை நிதானமாக ஆற்றினான்.